வீவக வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார்: சத்தம் எந்த வழியில் பக்கத்து வீட்டுக்குப் போகிறது?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் மூன்று யோசனைகள் தவறாமல் வந்துவிடும். சின்ன வாட் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கு, சத்தம் குறைவாக இருக்கும். அறைச் சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டு, வெளியே கேட்காது. இரவு பத்தரைக்குள் நிறுத்து, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் நல்ல மனதோடு சொல்பவைதான். ஆனால் முதல் இரண்டும் தவறு, மூன்றாவது பாதிதான் சரி. இவற்றை நம்பிக் காசைச் செலவழித்து, அப்புறமும் கீழ்வீட்டிலிருந்து புகார் வந்ததால் கிட்டாரைப் பையில் போட்டு அலமாரிக்குமேல் ஏற்றிவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். சத்தம் போகும் வழியைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே மனம் நிறைய வாசிக்கலாம்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில் வசிக்கிறோம். நம் வீட்டுத் தரைதான் கீழ்வீட்டின் கூரை. அதனால் தனிவீட்டில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

மேல்வீட்டு உரல்

மேல்வீட்டில் யாரோ சம்பலுக்கு உரலில் இடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசுவது நமக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காது. டிவி ஓடுகிறதா என்பதும் தெரியாது. ஆனால் உரல் மட்டும் ‘டொம் டொம்’ என்று தலைக்கு நேர் மேலே விழும். சில சமயம் அது மேல்வீடா, இரண்டு மாடி தள்ளியா என்றுகூடச் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். பேச்சுக் குரல் முதலில் காற்றை அசைக்கிறது. அந்தக் காற்று போய்க் கான்கிரீட் தளத்தில் மோதுகிறது. லேசான காற்றால் அவ்வளவு பாரமான தளத்தைப் பெரிதாக அசைக்க முடிவதில்லை. உரலோ காற்றை நம்பி இருப்பதில்லை, தளத்தையே நேராக அடிக்கிறது. கான்கிரீட் அந்த அதிர்வைச் சுவர், தூண் என்று வெகுதூரம் கொண்டுபோகும். அதிரும் தளம் கீழ்வீட்டுக் காற்றை அசைக்கும்போது அது மறுபடியும் சத்தமாகிவிடுகிறது.

காற்றில் பரவிச் சுவரைத் தாண்டுவதைக் காற்றுவழிச் சத்தம் என்போம். தரையிலோ சுவரிலோ நேராக ஏறிப் பரவுவதைக் கட்டடவழிச் சத்தம் என்போம். கிட்டார் ஆம்ப் இந்த இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. ஸ்பீக்கர் காற்றை அசைக்கிறது. அதே ஸ்பீக்கரின் உதறலில் ஆம்ப் பெட்டியும் அதிர்ந்து தரையை அசைக்கிறது. போதாததற்கு, வாசிப்பவரின் கால் தாளம் வேறு.

ஆக, சத்தம் போகும் வழிகள் இரண்டு, அவற்றுக்கான மருந்தும் வேறு வேறு. ஒன்றை அடைத்தால் மற்றொன்று தானாக அடைபடாது.

ஒரு வாட் என்பது சின்ன சத்தமா?

சத்தத்தின் அளவைக் குறிக்கும் அலகு டெசிபெல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆம்ப் தரும் ஆற்றல் பத்து மடங்கு கூடினால் டெசிபெல் கணக்கில் 10தான் கூடும். நம் காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும். அதாவது 10 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் காதில் தெரியும் வித்தியாசம் பத்து மடங்கு அல்ல, இரண்டே மடங்கு.

கிட்டார் ஸ்பீக்கர்கள் கொஞ்ச ஆற்றலையும் நிறையச் சத்தமாக மாற்றும்படி செய்யப்பட்டவை. பலவற்றில் ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபெல் அளவுக்குச் சத்தம் வரும். சாதாரணமாகப் பேசும் குரல் அதே தூரத்தில் 60 டெசிபெல்தான். 100 வாட் என்றால் 118, 10 வாட் என்றால் 108, 1 வாட் என்றால் 98. ஒரு வாட் ஆம்ப் முழுதாகத் திறந்தால் மேடைக்கே போதும்போல இருக்கும்.

கான்கிரீட் சுவர் பேச்சு போன்ற சத்தத்தில் சுமார் 50 டெசிபெலைக் குறைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அறையில் 98 என்றால் அடுத்த வீட்டில் 48. அமைதியான படுக்கையறை இரவில் 30 அளவில் இருக்கும். 48 அங்கே நன்றாகவே கேட்கும். அதுவே ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு ஆற்றலில் வாசித்தால் அறையில் 78, அடுத்த வீட்டில் 28. அறைக்குள் இருப்பவருக்கு 78 என்பது ஒன்றும் முணுமுணுப்பு அல்ல, தெளிவான சத்தம்தான்.

அதனால் பெட்டியில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். குறைந்த வால்யூமில் நன்றாக ஒலிக்குமா, வால்யூம் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக முடியுமா என்று பாருங்கள். சில ஆம்புகளில் குமிழ் 1-இல் இருந்தால் ஒன்றும் கேட்காது, 1.5-க்கு வந்தால் வீடே அதிரும். கடையில் முயன்று பார்க்கும்போது எல்லாரும் வால்யூமை ஏற்றித்தான் பார்ப்பார்கள். நீங்கள் இறக்கிப் பாருங்கள்.

ஸ்பாஞ்ச் செய்யும் வேலை வேறு

சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச், முட்டை அட்டை, தடித்த திரைச்சீலை எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சத்தத்தை வெளியே விடாமல் தடுப்பது அவற்றின் வேலை அல்ல. முதலாவது உறிஞ்சுவது, இரண்டாவது தடுப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் விட அதிகமாகக் காசை வாங்குகிறது.

தடுக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். சுவரின் எடை இரட்டிப்பானால் தடுப்பு சுமார் 6 டெசிபெல் கூடும் என்பது கணக்கு. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 360 கிலோ. ஐந்து சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. 360 கிலோவோடு ஒன்றரைக் கிலோ சேர்ந்தால் சுவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பாஞ்ச் ஒட்டிய அறையில் வாசிப்பவருக்குச் சத்தம் மெத்தென்று மாறியதுபோல இருக்கும். உச்ச ஒலிகள் அடங்கிவிடுவதால் வரும் உணர்வு அது. “இப்போ குறைஞ்சிடுச்சு” என்று நினைத்து வால்யூமைக் கூட்டிவிடுவார். கீழ்வீட்டுக்குப் போகிற ‘டும் டும்’ அப்படியே இருக்கும், அல்லது கூடியிருக்கும்.

பத்து சென்டிமீட்டர் ஜன்னல்

சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் திறந்த இடம் ஒன்று இருந்தால் சத்தம் அதன் வழியே போய்விடும். ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் அறையின் வெளிச்சுவர் 10 சதுர மீட்டர். ஒரு மீட்டர் உயர ஜன்னலை 10 சென்டிமீட்டர் மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். திறந்த பகுதி சுவரில் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றே போதும்: மீதிச் சுவர் எஃகாகவே இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபெலுக்கு மேல் போகாது.

நம் ஊர் வெக்கையில் எல்லார் வீட்டு ஜன்னலும் திறந்தே இருக்கும். உங்கள் ஜன்னலிலிருந்து வெளியேறும் சத்தம் மேல்வீட்டு ஜன்னலுக்குள் நேராக நுழையும், எதிர் புளோக்கிலும் போய் மோதும். காரிடார் பக்கம் பார்த்த அறையாக இருந்தால் கதைக்கே முடிவில்லை. வாசல் கதவைத் திறந்து இரும்பு கேட்டை மட்டும் பூட்டியிருந்தால், சத்தத்தைப் பொறுத்தவரை கதவே இல்லாத வீடு அது.

ஆம்பில் வாசிக்கும் நேரத்துக்கு ஜன்னலை இழுத்து மூடி, ஏர்கானைப் போட்டுக்கொள்வது இந்தக் கட்டுரையில் உள்ளதிலேயே எளிய வைத்தியம். அறைக் கதவின் அடியில் இருக்கும் இடைவெளியை ஒரு தடித்த துண்டால் அடைக்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, பலன் உடனே தெரியும்.

காற்றுவழிச் சத்தத்துக்கு இவ்வளவுதான்: வால்யூம் குறைய வேண்டும், இடைவெளி அடைபட வேண்டும், ஸ்பாஞ்சால் பயனில்லை.

தாழ்ந்த ஒலிதான் தாண்டிப் போகிறது

ஒலி ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம், அலகு ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதில் பாதி, 41. அதிர்வெண் பாதியானால் சுவரின் தடுப்பும் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. அதனால்தான் அடுத்த வீட்டில் பாட்டு ஓடினால் பாடகர் குரல் தெரியாமல் பேஸ் (தாழ்ந்த ஒலி) மட்டும் தெரிகிறது.

இங்கே ஒரு சிக்கல் குறுக்கே வருகிறது. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை இன்னும் மோசமாகக் கேட்கிறது. பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். வால்யூமை இறக்கியதும் கிட்டார் உயிரில்லாமல் மெலிந்து கேட்பதற்குப் பெரிய காரணம் இதுதான். உங்கள் ஆம்பிலோ கையிலோ குறை இல்லை. உடனே கை பேஸ் குமிழுக்குப் போகும். ஆனால் நீங்கள் கூட்டும் அந்த பேஸ்தான் கான்கிரீட்டை மிகச் சுலபமாகத் தாண்டும்.

பேஸைக் கூட்டுவதற்குப் பதிலாக ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் உங்களுக்கு சுமார் 6 டெசிபெல் கூடும், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கூடாது. பெரும்பாலோர் ஆம்பைத் தரையில் வைத்துவிட்டு நின்று வாசிக்கிறார்கள். ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் குவிந்து போவதால் முழங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது, காதுக்கு வருவதில்லை. சரியாகக் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுகிறார்கள். காது உயரத்தில் வைத்தால் பாதி வால்யூமிலேயே திருப்தி வந்துவிடும்.

தரையிலிருந்து தூக்குங்கள்

இனி உரலின் வழி. ஆம்ப் பெட்டியின் அதிர்வு தரையில் ஏறாமல் இருக்க, இடையில் அமுங்கிக் கொடுக்கும் மெத்தையான பொருள் ஒன்று வேண்டும். பெட்டியின் அடியில் வரும் கட்டியான ரப்பர் கால்கள் போதாது. ஆம்பின் எடைக்கு அமுங்க வேண்டும், முழுதாக நசுங்கிவிடவும் கூடாது. சின்ன ஆம்பாக இருந்தால் திண்டு போட்ட நாற்காலியே அருமையான இடம். காது உயரமும் கிடைக்கிறது, தரையும் விலகுகிறது. பின்பக்கக் காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள், வால்வ் (பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்புகள் நன்றாகச் சூடாகும்.

மூலையில் தள்ளி வைக்காதீர்கள். சுவரும் தரையும் சேரும் மூலை தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் கொடுக்கும். பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் ஆம்பைச் சாய்த்து வைப்பதும் அப்படித்தான்.

எந்த அறை என்பதையும் யோசிக்க வேண்டும். வீவக புளோக்கில் பெரும்பாலும் ஒரே அமைப்பு மாடிக்கு மாடி அடுக்கியிருக்கும். உங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே அவர்கள் படுக்கையறை, உங்கள் ஹாலுக்குக் கீழே அவர்கள் ஹால். மாலை எட்டு மணிக்குக் கீழ்வீட்டில் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், படுக்கையறையில் குழந்தை தூங்கத் தொடங்கியிருக்கும். கதவை மூடிக்கொண்டு படுக்கையறையில் வாசிப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் ஹாலே நல்ல இடமாக இருக்கலாம்.

எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஹெட்போன் போட்டுக்கொண்டாலும் கிக் பெடலின் ஒவ்வொரு மிதியும் தரைக்குள்தான் போகிறது. கிட்டாரைவிட அதுதான் கீழ்வீட்டுக்குத் தொல்லை.

பாம் ஷெல்டரில் வாசிக்கலாமா?

1990-களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட பாம் ஷெல்டர் இருக்கிறது. அரிசி மூட்டையும் சைக்கிளும் வைத்திருக்கும் அந்த அறை கிட்டாருக்கு வரப்பிரசாதம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுவழிச் சத்தத்துக்கு நல்லதுதான். ஆனால் இந்த அறைகள் மாடிக்கு மாடி ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கோபுரமாக எழும்பி நிற்பவை. ஆம்பைத் தரையில் வைத்தால் அதிர்வு மேலும் கீழும் ஓட அதைவிட நல்ல பாதை கிடையாது. சின்ன அறை, வெறும் கான்கிரீட் என்பதால் ஒலி உள்ளேயே சுழன்று காதைக் குடையும். கதவை மூடிக்கொண்டால் வெக்கை தாங்காது. சுவரை உடைக்கவோ மாற்றவோ விதி இடம் தராது. நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காற்றுக்கே வராமல் காதுக்கு

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு வசதி உண்டு. கம்பியின் அதிர்வு, கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில் மின்சாரமாக மாறிய பிறகு, அது கேபிள் வழியே போகும் வெறும் மின்னோட்டம்தான். அதை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் நேராக ஹெட்போனுக்கு அனுப்பினால் காற்றுவழியும் இல்லை, கட்டடவழியும் இல்லை. வீவக வீட்டில் இரவு வாசிப்புக்கு இதைவிட நேர்மையான தீர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் “ஹெட்போனில் கேட்டால் தகரம்போல இருக்கு” என்று பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். அதற்கும் காரணம் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடும். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது) போட்டால் வரும் கரகரப்பில் நிறையப் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் அதை வடிகட்டி நமக்குப் பிடித்த ஒலியாகத் தருகிறது. ஹெட்போன் 15,000-க்கும் மேல் போகும் என்பதால் அந்தக் கரகரப்பு முழுதும் காதில் விழுகிறது. ஸ்பீக்கர் பெட்டியின் இந்தக் குணத்தைச் செயற்கையாகச் சேர்ப்பதற்குக் கேபினெட் சிமுலேஷன் என்று பெயர். ஹெட்போன் வழி வாசிக்க எந்தக் கருவி வாங்கினாலும் இது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிட்டாரில் நேராகச் செருகும் கைக்கடக்கமான ஹெட்போன் ஆம்ப், ஆம்பின் ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் ஆம்ப் மாடலிங் பெடல், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியே கணினி என்று மூன்று வழிகள் உண்டு. தொடங்குபவருக்கு முதலாவதே போதும்.

புளூடூத் ஹெட்போன் வேண்டாம். கம்பியை மீட்டிய பிறகு அதில் ஒலி வர பெரும்பாலும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலாகும். பாட்டுக் கேட்க அது பரவாயில்லை, வாசிக்கும்போது தாளமே தவறிவிடும். ஒயர் உள்ளதே சரி.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை இயக்கினால் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகலாம். ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்க, ஸ்பீக்கரின் இடத்தில் நின்று ஆற்றலை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸ் என்ற கருவி வேண்டும்.

காதையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் ஹெட்போனில் ஏற்றிக்கொண்டே போவது சுலபம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும்.

பத்தரை மணியும் மற்ற நேரமும்

இரவு 10.30 முதல் காலை 7 வரை சத்தத்தைக் குறைக்கும்படி வீவக கேட்டுக்கொள்கிறது. அக்கம்பக்கச் சத்தம் பற்றி ஆராய 2022-இல் அமைக்கப்பட்ட குழு, அதை இரவு 10 முதல் காலை 8 வரை என நீட்டலாம் என்று பரிந்துரைத்தது. மற்ற நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அண்டை வீட்டுத் தகராறுகளை விசாரிக்க 2015 முதல் தனி நடுவர் மன்றமே இருக்கிறது. பகல் சத்தமும் அங்கே போகலாம்.

அந்த நிலைக்குப் போக வேண்டியதே இல்லை. கீழ்வீட்டு அக்கா இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் தாதியாக இருக்கலாம். மேல்வீட்டுப் பிள்ளைக்கு ஓ-லெவல் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கலாம். கேட்டால்தானே தெரியும். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு கொண்டுபோகும்போதே “நான் கிட்டார் வாசிக்கிறேன், கேட்குதா அக்கா? எந்த நேரம் வாசிச்சா உங்களுக்குத் தொந்தரவு இல்லை?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அவர்கள் சொல்லும் நேரம்தான் உங்கள் புளோக்கின் உண்மையான விதி.

வெளியே போய்க் கேளுங்கள்

உங்கள் வாசிப்பைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் லூப்பர் பெடலிலோ கைப்பேசியிலோ பதிந்து, வழக்கமான வால்யூமில் ஆம்ப் வழியே திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் காரிடாரில் நின்று கேளுங்கள். கீழ்வீட்டார் சம்மதித்தால் அவர்கள் அறையிலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மெட்டு முழுதும் தெளிவாகக் கேட்டால் ஜன்னல், கதவு, வால்யூம் இவற்றைப் பாருங்கள். மெட்டே தெரியாமல் தடித்த கம்பியின் ‘டும்’ மட்டும் வந்தால் ஆம்பைத் தரையிலிருந்து தூக்குங்கள், பேஸைக் குறையுங்கள், மூலையிலிருந்து நகர்த்துங்கள். ஒவ்வொன்றாக மாற்றி மறுபடி இறங்கிப் போய்க் கேட்டால்தான் எது வேலை செய்தது என்பது தெரியும். அடுத்த முறை நீங்கள் வாசிக்கும்போது அவர்களுக்குக் கேட்டால் உடனே ஒரு மெசேஜ் அனுப்பும்படி, கைப்பேசி எண்ணையும் அப்போதே கொடுத்துவிட்டு வாருங்கள்.